சக்கரக்காரிக்குத் தீபாவளி விருந்து

காலையில் வந்ததும் சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல் ரோஸ்மேரி முதலில் தொட்டித் தண்ணீரை மோந்து பார்ப்பாள். மண்வாசம் அடித்தால் முகம் மலரும். பிறகு ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி, மைக்ராஸ்கோப்பில் வலது கண்ணைப் பதித்தாளென்றால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்ப மாட்டாள். இடது கண்ணை மூடி மூடிப் பழகி, இப்போது எதை யோசித்தாலும் அது தானாக மூடிக்கொள்கிறது. கம்பெனி அடையாள அட்டையிலேயே ஒற்றைக் கண்ணோடுதான் இருக்கிறாள். டவுன் பஸ்ஸில் மீதிச் சில்லறையைப் பற்றி யோசித்து ஒரு கண்டக்டரைத் திகைக்க வைத்ததும் உண்டு.

விலங்கியல் படித்த தூத்துக்குடிக்காரி. அருள்புரத்துப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டிக்கு அவள்தான் பொறுப்பு. தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. அந்தக் கிருமிகளைத் தின்ன, அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய உயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தலையில் சக்கரம் சுழல்வது போலத் தெரியும். சக்கரக்காரி என்று பெயரே வைத்துவிட்டாள். சக்கரம் சுற்றினால் தொட்டி நலம். முதலாளி தரணீதரனுக்கே 'அவரு' என்பதோடு நிறுத்திக்கொள்பவள், இவற்றைப் பற்றி, "அவிய இன்னைக்கு நல்லா சாப்புடுதாவ," என்று சம்பந்தி வீட்டாரைச் சொல்வது போலச் சொல்வாள்.

தீபாவளிக்குப் பட்டறை மூடினால் அழுக்கு வராது. தொட்டி பட்டினி கிடக்கும். தினமும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கரைத்து ஊற்றியாக வேண்டும். அதற்காகவே பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல் இருந்தவள், இந்த வருடம் தம்பிக்கு நிச்சயதார்த்தம் என்பதால் ஆபரேட்டர் செங்கோட்டையனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

"ஒரு நாளைக்கு ஒரு மக்கு அளவுதான் அண்ணாச்சி. பாவமேன்னு கூட ஊத்திராதிய." பஸ் ஏறியும் இரண்டு தடவை போன் பண்ணினாள்.

ஆனால் செங்கோட்டையன், வீட்டுக்கு வந்த விருந்தாளியை அரை வயிற்றோடு அனுப்பியறியாதவர்.

"தீவாளி நோம்பியும் அதுவுமா அரை வகுறு போட மனசு கேக்கலீங்க அம்மிணி. ஒரு அண்டா கரச்சு ஊத்தீட்டனுங்க," என்றார், அவள் திரும்பி வந்த அன்று.

கிருமிகள் மூக்குமுட்டத் தின்று, தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சித் தீர்த்திருந்தன. தொட்டி கறுத்து, அழுகிய முட்டை போல நாறியது. ரோஸ்மேரிக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. எல்லாம் செத்திருந்தால் புதிதாகக் கொண்டுவந்து வளர்த்தெடுக்க மாதக்கணக்காகும். அதுவரை சாயத் தண்ணீரை விட இடமில்லாமல் ஒரு மெஷினும் ஓடாது. ஊருக்குப் போன பட்டறைச் சனம் திரும்பி வந்து என்ன செய்யும்?

முதலாளி போன் செய்தார். "ஏனுங்க ரோஸ்மேரி, திங்கக்கிழமை மெஷின் ஓட்டலாமுங்களா?"

"பாத்துச் சொல்லுதேன் சார்."

காற்று ஊதும் மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. செங்கோட்டையன் டீ குடிக்கக்கூடப் போகாமல் வாசலில் நின்றார். "பொழைச்சுக்குமுங்களா அம்மிணி?" அவள் அடுத்த சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டாள்.

மறுநாள் மதியம், ஒரு சொட்டின் ஓரத்தில் ஏதோ துடித்தது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது.

"அண்ணாச்சி, ஓடி வாங்க!"

அவர் பதற்றத்தில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு குனிந்தார். அவள்தான் வலது கண்ணைத் திறக்கச் சொல்லி, இடது கண்ணை மட்டும் உள்ளங்கையால் பொத்திவிட்டாள்.

"சுத்துதுங்க! அம்மிணி, சுத்துதுங்க!"

"ஒரு சொட்டுலயே ஒருத்தி இருக்கான்னா, தொட்டி பூரா எத்தன பேரு இருப்பாவ! சார்ட்ட சொல்லுங்க, திங்கக்கிழமை கொஞ்சங் கொஞ்சமா தண்ணி விடலாம்."

பார்த்து முடித்த கண்ணாடித் துண்டைக் குழாயடியில் கழுவிக் கவிழ்ப்பதுதான் எப்போதும் வழக்கம். அன்று அதை இரண்டு கையாலும் ஏந்திப் படியேறினாள். தொட்டி விளிம்பில் குனிந்து, மேல் சில்லை விரலால் நகர்த்தி, அந்த ஒரு சொட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள்.