நின்று நின்று ஓடிய லாரி

அக்காவின் கணவர் ஓட்டிய டெம்போ, ஓசூர் ரோட்டில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதியது. அவருக்கு வலது தொடையெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். ஒக்கலிபுரத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அவர் கட்டிலை என் கம்ப்யூட்டர் மேஜையை ஒட்டிப் போட்டோம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்கென்று நான் வாங்கிக்கொண்டது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பொம்மசந்திராவில் வேலை. ஷிப்ட் முடிந்து, இரண்டு பஸ் மாறி, பாதி தூரம் நின்றபடியே வீடு வந்து சேர்ந்து, அரைமணி நேரம் கார் ரேஸ் விளையாடுவேன். அதற்காகவே பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த மெஷின். மாமாவுக்குப் பொழுது போகட்டுமென்று லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு மெஷின் அவருடையதாகிவிட்டது. பிடுங்கி விளையாடவும் எனக்குத் தெம்பில்லை.

ஒரு சனிக்கிழமை நான் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"மச்சான், பிரேக் அடிச்சா லேட்டாப் புடிக்குது."

"பிரேக் இல்ல மாமா. ப்ராசஸர் பழசு. முன்னாடி நாலு வண்டி சேந்து வந்தா அதால முடியல. படம் நின்னு நின்னு வருது."

"நான் அடிச்சிட்டேன். அது நிக்கல."

அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. போர்வைக்குள் வலது கால் விரல்கள் எதையோ அழுத்திக்கொண்டிருந்தன.

"அதை மூடி வச்சிடுடா," என்றாள் அக்கா அடுப்பருகிலிருந்து. "தூக்கத்துலயும் காலை உதர்றாரு."

"வேணாம்," என்றார் மாமா. "ஒரு தடவையாச்சும் சரியா நிறுத்திப் பாக்கணும்."

புது ப்ராசஸருக்கென்று என்னிடம் கொஞ்சம் பணம் இருந்தது. மறுநாள் கம்ப்யூட்டர் பார்ட் விற்கும் எஸ்.பி. ரோடு போனேன். வாரத்தில் படுத்துக் கிடக்கக் கிடைத்த ஒரே நாள் அது. கடைக்காரப் பெண் என் மதர்போர்டு நம்பரை வாங்கிப் பார்த்தாள்.

"புதுசு இதுல உக்காராதுங்க. போர்டு மாத்தணும். போர்டு மாத்தினா மெமரியும் மாத்தணும். செகண்ட்ஸ்ல ஒன்னு இருக்கு, ஸ்வல்ப ஸ்பீடு ஜாஸ்தி, கொஞ்சந்தான். கேரண்டி கிடையாது."

அந்தப் பழைய ப்ராசஸரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தபால்தலையைவிடச் சற்றுப் பெரியது. அடுத்த வாரம் மாமாவுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அக்கா அதற்காக யாரிடமும் பணம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. "அப்புறம் வரேன்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. விளையாட்டின் செட்டிங்கில் படத்தின் தரத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று எனக்கு முன்பே தெரியும். மழையும் மர நிழலும் அழகாகத் தெரியவேண்டும் என்றுதான் குறைக்காமல் வைத்திருந்தேன். மாமா திணறியபோதும் அது எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிழலை எடுத்தேன், மழையை எடுத்தேன், மரங்களையும் எடுத்தேன். சாம்பல் நிறத்தில் வெறும் ரோடும், டப்பா டப்பாவாக வண்டிகளும் மிஞ்சின.

"என்ன மச்சான், ஊரே மொட்டையா இருக்கு?"

"ஓட்டிப் பாருங்க மாமா."

ஓட்டினார். முன்னால் ஒரு லாரி நின்றது. பிரேக் அடித்தார். ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. திரும்ப முதலிலிருந்து ஓட்டினார், திரும்பவும் நின்றது. அக்கா கரண்டியோடு வந்து பின்னால் நின்றுகொண்டாள். அன்று எத்தனை முறை நிறுத்தினாரோ, நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

எனக்கிருந்த பணம் எக்ஸ்ரேக்கும் மாத்திரைக்கும் போனது. திரும்பச் சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா அடுத்த வருடம் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். சிவாஜிநகருக்குத் துணி மூட்டைகள் ஏற்றும் வண்டி. ஓசூர் ரோடு பக்கம் மட்டும் அனுப்பாதீர்கள் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். அவரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.