சேற்றில் நனைந்த கல்யாண மெத்தை

மாட்டுப்பண்ணை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு ஊரே வைத்த பெயர் 'கறார்'. வெள்ளம் வடிந்த காலையில், எலக்ட்ரீஷியன் வந்து மின்கசிவு இல்லையென்று பார்த்துச் சொல்லும்வரை கணவரை வாசற்படி மிதிக்க விடவில்லை. பிறகு இருவரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றை வாரினார்கள். பூஞ்சை பிடித்த தீவனத்தை அவள் குழியில் கொட்டியபோது அவரும் கூடையில் அள்ளிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தையை இழுத்தபோதுதான் மனிதர் குறுக்கே நின்றார்.

"வெயில்ல போட்டா காஞ்சிடும்டி."

"சாக்கடைத் தண்ணி குடிச்ச மெத்தைங்க. உங்களுக்கு ஏதாச்சும் வந்தா நான் யாரோட சண்டை போடுறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையை அவரே தூக்கினார். மேட்டில் கட்டியிருந்த மாடுகளுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே தார்ப்பாய் விரித்து, இருவரும் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினார்கள்.