தோல் வியாபாரி வீட்டுக் கல்லறை

கல்லறை வளவில் வேலை செய்பவனிடம் எல்லோரும் பேயைப் பற்றித்தான் கேட்பார்கள். முழங்கால் நோவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பனி வழித்தும் புல் வெட்டியும் இந்த நாட்டில் நாரி முறிந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், மொன்றியலில் பழைய ஆங்கிலத் தேவாலயம் ஒன்றில் அந்த வேலை பார்த்தேன்.

முதல் நாள்

விடியவே மெட்ரோ ஏறிப் போய்விட்டேன். வளவு முழுக்கப் பனிப்புகார். அதற்குள் ஒரு சின்னக் கோயில் மிதப்பதுபோல் தெரிந்தது. தூண்கள், உச்சியில் துணி போர்த்திய கற்சாடி, சிறகு முளைத்த குழந்தைகள், சுவரில் பாய் விரித்த கப்பல். புகார் அசைய, கப்பலும் அசைந்தது. நான் மன்னார்க் கத்தோலிக்கன். என்னையறியாமல் சிலுவை போட்டு முழந்தாளிட்டுவிட்டேன்.

பொறுப்பாளர் லூக் பின்னால் வந்து நின்றார். அது இங்கிலாந்தின் ஜோர்ஜ் மன்னர்மார் காலத்தில் ஒரு வியாபாரி தன் குடும்பத்துக்குக் கட்டிய கல்லறையாம். "எழும்பும். அவர் புனிதர் இல்லை, பீவர் மிருகத்தின்ரை தோல் வித்தவர்."

கல்லில் ஒரு பேர்

எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவில் ராணியக்கா இருந்தா. அவவின் கணவர் மன்னாரில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவர், போய்ச் சேரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த அவவுக்குக் கல்லறை இல்லை. வியாபாரியின் மகன் ஒருவனும் ஆற்றில் போனவன், உடல் கிடைக்காமல் பேரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

அந்தத் திருநாளுக்கு வந்தா. முதல் பனி பூப்போல விழுந்துகொண்டிருந்தது. எழுத்துக்களை விரலால் தடவினா. பிறகு திரியைக் கொளுத்திக்கொண்டே மெதுவாகக் கேட்டா: "ஆள் உள்ளுக்கை இல்லையெண்டா, அப்ப ஒரு இடம் சும்மா கிடக்குது தானே?"

மெழுகு

லூக் கெட்டவர் அல்ல. ஆனால் கல்லில் மெழுகைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. சுண்ணாம்புக் கல் மெழுகைக் குடித்தால் கறை போகாதாம். இனித் திரி கொளுத்தக்கூடாது என்றார். நான் கெஞ்சிப் பார்த்தேன். "அந்தக் குடும்பத்தில ஒருத்தர் வந்து சம்மதம் சொல்லட்டும், பேந்து பாப்பம்."

குடும்பத்தில் ஒருவர்

அடுத்த கோடையில் வந்தேவிட்டா! இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான சீமாட்டி, வியாபாரியின் வழி வந்தவ. லூக் கறையைக் காட்டி முறையிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, ராணியக்காவும் திரியில்லாமல் வந்து நின்றா. நான் பயந்து பயந்து கதையை மொழிபெயர்த்தேன்.

ராணியக்காவின் கணவரின் பேரைச் சீமாட்டி கேட்டா. "மரியதாஸ்." சீமாட்டிக்கு நாக்குப் புரளவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி, சரியாக வந்தபிறகுதான் விட்டா. பிறகு லூக்கிடம், கல் கறுத்தால் கறுக்கட்டும் என்றா.

மெட்ரோவுக்கு நடக்கும்போது ராணியக்கா அழவில்லை. மேப்பிள் நிழலில் கனவில் நடப்பவள்போல் வந்தா. "அவரைத் தேடி எத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினன் தம்பி. ஒருத்தரும் அவரின்ரை பேரைத் திருப்பிச் சொல்லேல்லை."

செத்தவர்களோடு தொல்லையில்லாத வேலை என்றுதான் சேர்ந்தேன். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.