காலர் மட்டும் மிச்சம்

தையல்காரம்மாவின் மகன் பைக் திருட்டில் மாட்டி, சிறுவர் இல்லத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தான். போவதற்கு முன் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவான். வந்த பிறகோ இருக்கிற இடமே தெரியவில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவினான். பாத்ரூம் போகக்கூட, "போகலாமாம்மா?" என்று கேட்டு நின்றான்.

"பையன் திருந்திட்டான் போலிருக்கே அக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"திருந்தினானோ என்ன எழவோ. பூனை மாதிரி நடக்கறான், எதையோ ஒளிக்கறான்னு தோணுது."

அவன் குளிக்கப் போகும்போதெல்லாம் பேன்ட் பாக்கெட்டைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அரித்தது. துணியில் எங்கெங்கே ஒளிக்கலாம் என்று அறிந்த தையல்காரி கை அவளுடையது. ஒரு நாள் கால் மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவன் வருவதற்குள் அதே நிற நூலில் தைத்து வைத்தாள். அவனுக்குத் தெரியாது என்றே நினைத்தாள்.

மறுநாள் காலை தையல் மெஷின் மேல் அவனுடைய சட்டையும் பேன்ட்டும் கிடந்தன. பாக்கெட், கால் மடிப்பு, கை மடிப்பு, இடுப்புப் பட்டி எல்லாம் பிரிந்து தொங்கின. இடுப்பில் துண்டோடு அவன் நின்றான்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? நானே பிரிச்சிட்டேன். பாத்துட்டுத் தைச்சுக் குடு, போட்டுக்க வேற இல்ல."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தாள். சட்டையை மெஷினில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். இவ்வளவையும் பிரித்தவன் காலரை மட்டும் ஏன் விட்டான்?

அவன் பார்க்கிறானா என்று ஒருமுறை நிமிர்ந்துவிட்டு, கட்டைவிரலால் காலரை மெல்ல அழுத்தினாள்.