வெளிறிய மீன்களும் பொய் பிடிக்கும் பெட்டியும்

உங்கள் நெஞ்சு வேகமாக அடித்ததால் நீங்கள் பொய்யர் என்று ஒருவர் தீர்ப்பு எழுதினால், அதன் கீழே கையெழுத்துப் போடுவீர்களா? மாட்டேன் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அரிசோனாப் பாலைவனத்தில், பாலோமா நீர்த்தேக்கத்தின் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்போர் சங்கத்தில் சேர்ந்த அத்தனை பேரும் போட்டிருக்கிறார்கள். ஹசிந்தா கிஹாதாவும் போட்டிருந்தாள். போட்டியில் ஜெயிப்பவர் பொய் பிடிக்கும் கருவிக்கு முன் உட்கார வேண்டும், கருவி சொல்வதே முடிவு என்ற விதியைப் படித்துவிட்டுத்தான் போட்டாள். அப்போது சிரிப்புத்தான் வந்தது. ஜெயித்தால்தானே!

ஹசிந்தா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணவன் ரமீரோவுக்குப் படகில் ஏறினாலே குமட்டும். அதனால் அவன் தங்கை ஒபேலியாதான் கூட வருவாள். அவளுக்கு மீனைவிடப் பேச்சு பிடிக்கும். ஹசிந்தாவுக்கோ எதைக் கண்டாலும் 'ஏன்' என்று குடையாமல் இருக்க முடியாது. செத்த மீன் கிடைத்தால் வயிற்றைக் கீறி, என்ன தின்றது என்று பார்ப்பாள். சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டை எடுத்துக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பாள். பாலோமாவில் தட்டு மறைவதற்குள் கயிறு தீர்ந்துவிடும்.

அவ்வளவு தெளிவான நீர் அது. வானத்திலிருந்து பார்க்கும் பருந்துக்கும் தெரியும், அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கும் தெரியும். படகின் நிழல் மேலே விழுந்தால் பாஸ் மீன் நகர்ந்துவிடும். நூல் கொஞ்சம் தடித்தாலும் இரையைத் தொடாது. ஆகவே பாலோமாக்காரர்கள் தலைமுடி போன்ற நூலில் விரல் நீளப் புகைநிற ரப்பர் புழுவைக் கோத்து, எட்ட நின்று வீசுவார்கள். ஆகஸ்ட் மாதத்தில் வெயில் ஏறியதும் செங்குத்துப் பாறைகளின் நிழலில், முப்பது அடிக்குக் கீழே அந்தப் புழுவைத் தொங்கவிட்டு மெல்ல நடுங்க வைப்பார்கள். கொஞ்சம் காற்று அடித்து நீர்முகம் கலைந்தால் போதும், மீனின் பார்வை மங்கி வேலை எளிதாகும். காற்றே இல்லாத நாளில் முகம் செத்துப் போய்த் திரும்புவார்கள்.

போட்டி நடந்த வாரத்தில் வியாழக்கிழமை மாலை, ஏரியில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் வடக்கு மலையில் இடி உறுமியது. பேருந்தைத் திருப்பிக்கொண்டு வந்த ஹசிந்தா, சாலையைக் குறுக்கே வெட்டும் வறண்ட ஓடையில் காப்பிக் கொட்டை நிறத்தில் வெள்ளம் ஓடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். வெள்ளம் வடியும்வரை கடக்கக் கூடாது, அது சட்டம். அவள் காத்திருந்த நேரம் முழுதும் ஒரே யோசனை: இந்தச் சேறு எங்கே போகிறது? எந்த வளைகுடாவில் போய் விழும்? அங்கே இருக்கிற மீன் இப்போது என்ன செய்யும்?

சனிக்கிழமை விடியலில் போட்டி தொடங்கியபோது ஏரி உருக்கி ஊற்றிய வெள்ளி போலக் கிடந்தது. இலை அசையவில்லை. மற்ற படகுகளெல்லாம் அணைப் பக்கத்துப் பாறைகளுக்குப் பறந்தன. ஹசிந்தாவின் பழைய அலுமினியப் படகு மட்டும் வடக்கே திரும்பியது.

"அண்ணி, எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க."

"போகட்டும்."

"நம்ம என்ஜினுக்கு வழி மறந்து போச்சா, இல்ல உங்களுக்கா?"

"வாய மூடிக்கிட்டு முன்னால பாருடி."

ஒபேலியா பார்த்தாள். பார்த்ததும் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டாள். குறுகலான அந்த வளைகுடாவின் நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு பக்கம் பச்சைத் தெளிவு, மறுபக்கம் செம்மண் கலங்கல். தெளிந்த பக்கத்தில் பொடிமீன் கூட்டம் கோட்டை ஒட்டி மினுங்கியது. தின்ன வரும் பெரிய மீன் எங்கே ஒளிந்திருக்கும்? கலங்கலுக்குள், கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி. தனக்கு மறைவு, இரைக்கு வெளிச்சம்.

மெல்லிய நூலை ஹசிந்தா தொடவே இல்லை. தடித்த நூல், கறுத்த பெரிய போலி இரை, அதற்குள் கலகலக்கும் உலோகக் குண்டுகள். கலங்கலில் கண் உதவாது, மீன் அதிர்வைத்தான் தேடும். மூன்றடி ஆழம்கூட இல்லாத இடத்தில் இரையைக் கரைக் கற்களில் முட்டி முட்டி இழுத்தாள். வெயில் உச்சிக்கு வருமுன் போட்டியில் எடை போட வேண்டிய ஐந்து மீன்களும் படகின் தொட்டியில் நீந்தின.

படகுத்துறையில் எடைத் தராசு சொன்னதைக் கேட்டு ஆரவாரம் எழுந்தது, பாதியிலேயே அடங்கியது. எல்லார் கண்ணும் மீன்கள் மேல். பாலோமா மீனின் முதுகு கரும்பச்சையாக இருக்கும், விலாவில் கறுப்புப் பட்டை மை போட்டதுபோல் ஓடும். இந்த ஐந்தும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியிருந்தன. பட்டை தேடினால்தான் தெரிந்தது.

"இது நம்ம ஏரி மீனே இல்ல. மாட்டுக் குட்டை மீனு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சங்கத் தலைவர் கேலன் ஸ்ட்ரிக்லர், ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், தொப்பியைப் பின்னால் தள்ளினார். "எங்கம்மா புடிச்ச ஹசிந்தா?"

"அணைப் பக்கம், பாறை ஓரமா."

பொய்தான். மீன் பிடித்த இடத்தை உள்ளபடி சொல்கிற மீன்காரர் பாலோமாவில் இன்னும் பிறக்கவில்லை. கேட்பவருக்கும் அது தெரியும், சிரித்துவிட்டுப் போவார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அணைப் பக்கமே நாள் முழுதும் வெயிலில் வெந்தவர்கள் அவர்கள்.

மீன்களை ஏரியில் திருப்பி விட்டார்கள். ஹசிந்தாவைத் தூண்டில் கடையின் பின்னறைக்கு அழைத்துப் போனார்கள். கருவிக்காரர் ப்ரூயிட் அவள் மார்பில் ஒரு குழாயையும் கையில் ஒரு பட்டையையும் விரல்களில் கம்பிகளையும் மாட்டினார்.

"மீன் விஷயத்துல எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களா?"

"ஆமா! வாராவாரம். இப்பகூட வெளிய சொல்லிட்டுத்தான் வரேன்" என்று சிரித்தாள். திரையில் கோடு அமைதியாக ஓடியது.

"இந்த மீன்களை வேற நீர்நிலையிலேருந்து கொண்டு வந்தீங்களா?"

"இல்ல."

மாட்டுக் குட்டை என்ற அந்தக் குரல் காதில் திரும்ப ஒலித்தது. உடம்பு கொதித்தது. கோடு எகிறியது.

அந்தப் பெட்டியின் தந்திரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் கேள்வி ஒரு பொறி. யாராயிருந்தாலும் 'இல்லை' என்று மழுப்பி, உள்ளுக்குள் நெளிவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அந்த நெளிவைவிட இரண்டாவது கேள்வியில் கோடு உயர்ந்தால் குற்றவாளி. அதாவது, முதல் கேள்விக்கு மழுப்புகிறவன் தப்பிக்கலாம். உண்மையைச் சிரித்தபடி ஒப்புக்கொண்டு, அவமானத்துக்குக் கோபப்படுகிறவள் மாட்டிக்கொள்வாள். கோபமும் பயமும் பொய்யும் நாடியில் ஒரே மாதிரிதான் துடிக்கும். இதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்தவனைத்தான் முதலில் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

கேலன் வெளியே வந்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "கருவி ஒத்துக்கலம்மா. பரிசு ரத்து. இனி ஆயுசுக்கும் போட்டி கிடையாது. பேரு இந்தத் தூண்டில் கடைப் பலகைல ஒட்டணும். விதி."

பலகையில் பெயர். திங்கட்கிழமை அவள் பேருந்தில் ஏறப்போகும் ஒவ்வொரு பிள்ளையின் அப்பனும் அம்மாவும் அந்தக் கடைக்குத்தான் ஐஸ் வாங்க வருவார்கள். ஹசிந்தா கேலனின் வழியை மறித்து நின்றாள்.

"எடத்தக் காட்டுறேன். வந்து பாருங்க" என்றாள். ஒபேலியா அதிர்ந்து திரும்பினாள். இடத்தைக் காட்டுவதென்றால் தன் கையாலேயே அதை ஊருக்கு எழுதிக் கொடுப்பது போல.

"பாத்தாலும் விதி மாறாது. கருவி சொன்னதுதான் முடிவு."

ஹசிந்தாவின் கோபம் இறங்கி, அந்த இடத்தில் அவளுடைய பழைய குடைச்சல் வந்து உட்கார்ந்தது. "கேலன், அந்தப் பொட்டி சரியா வேலை செய்யுதான்னு யாராவது பாத்திருக்கீங்களா?"

"என்னது?"

"உங்க கடைத் தராச வருஷா வருஷம் எடைக்கல்லு வெச்சு சோதிக்கிறாங்கல்ல? இதுக்கு எடைக்கல்லு எது?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹசிந்தா ஒரு ரப்பர் புழுவை எடுத்துக் காட்டினாள். "அஞ்சு பேரு வாங்க. ஒருத்தர் பையில இது இருக்கும். அஞ்சு பேரும் 'எங்கிட்ட இல்ல'ன்னு சொல்லணும். யாரு பொய்யின்னு ப்ரூயிட் கண்டுபுடிக்கட்டும். ஒருதரம் தப்பினா கிரகசாரம்னு சொல்லிடுவீங்க. மூணு தரம் செய்வோம்."

"இதெல்லாம் வேடிக்கை" என்றார் ப்ரூயிட்.

"ஏன் சார் பயப்படுறீங்க? நாடி புடிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள் ஒபேலியா.

அதற்குப் பிறகு ப்ரூயிட்டால் மறுக்க முடியவில்லை. முதல் தடவை அவர் கிழவர் ஆர்விலைக் காட்டினார். ஆர்வில் பையைப் புரட்டிக் காட்டினார், ஒரு சீப்பு விழுந்தது. "எனக்கு ரத்தக் கொதிப்புய்யா! டாக்டர் வீட்டுக்குப் போனாலே எகிறும்" என்று கத்தினார். இரண்டாவது தடவை ப்ரூயிட் சரியாகச் சொன்னார். மூன்றாவது தடவை, புழுவை வைத்திருந்த ஒபேலியாவைச் சுத்தம் என்று அனுப்பிவிட்டு, தேவாலயத்தில் பாடுகிற ஒருவரைப் பிடித்தார்.

"என் பொய்யி அவ்வளவு அழகு" என்று புழுவை ஆட்டிக் காட்டினாள் ஒபேலியா. படகுத்துறையே குலுங்கியது.

கேலன் மட்டும் சிரிக்கவில்லை. போன வருடம் இதே பெட்டியின் பேச்சைக் கேட்டு இன்னொருவர் பெயரைப் பலகையில் ஒட்டியது அவர் கைதான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "படக எடும்மா" என்றார்.

வளைகுடாவில் கோடு கொஞ்சம் விலகியிருந்தது, ஆனால் கலங்கல் அங்கேயே நின்றது. கேலன் குனிந்து கையால் நீரை அள்ளிப் பார்த்தார். ஹசிந்தாவின் தூண்டிலை வாங்கிக் கற்களில் முட்டும்படி வீசினார். பல வீச்சுகள் சும்மா வந்தன. பிறகு கோல் வளைந்தது. படகுக்குள் தூக்கிய மீன் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது.

"ஏன் இப்படி வெளுத்துப் போவுது?" கேலனுக்குள் இருந்த தலைவர் போய், கேள்வி கேட்கும் ஆள் வந்திருந்தார்.

"கலங்கல்ல கருப்பா இருந்தா அது தனியாத் தெரியும். சுத்தி இருக்கற நெறத்துக்கு அதுவும் மாறிக்குதுன்னு நெனைக்கிறேன். எவ்வளவு நேரத்துல மாறுதுன்னுதான் தெரியல. அதப் பாக்கணும்."

கேலன் மீனை நீரில் விட்டார். திரும்பி வந்து, எல்லார் முன்னாலும், பரிசு ஹசிந்தாவுக்கே என்றார். போன வருடத்து மனிதரின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனார். ஆனால் விதியைத் தனியாக அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். "பொய் புடிக்க ஏதாவது ஒண்ணு வேணுமில்ல" என்று முணுமுணுக்கிறவர்கள் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். ஹசிந்தா இப்போது பேருந்து வேலை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாலோமாவில் உங்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் உங்கள் அலுவலகத்திலோ, காவல் நிலையத்திலோ, நீதிமன்றத்திலோ ஒரு மனிதரைப் பொய்யர் என்று சொல்ல யாராவது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அன்று வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். எழுந்து நின்று, அந்த மனிதரைச் சோதிக்குமுன் பெட்டியை எங்கள் கண்முன் சோதித்துக் காட்டு என்று கேளுங்கள்.