ஃப்ரிட்ஜுக்குள் சாவி

ஒரு சுற்று நேராக. அடுத்த சுற்று மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி. மறுபடி நேராக, மறுபடி திருப்பி. நீளமான கறுப்பு ஒயர் அவள் இடது கையில் வளையம் வளையமாக விழுந்துகொண்டே இருக்கிறது. கண் அதில் இல்லை. வாய் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறது. "முழங்கையில சுத்தாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டு செத்துப் போயிடும். அப்புறம் கரகரன்னு சத்தம் வந்தா என்னைத்தான் கேப்பீங்க."

உதவ வந்து மறுமுனையைத் தொட்டவர்களிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வாள். சினிமா படிக்கிற அவள் கூட்டத்தில் அவளுக்குப் பெயரே ஒயர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். நோயாளிகளைப் பராமரிக்கிற வேலையில் காலம் கழித்தவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் நான் சிஸ்டர். இவளுக்கு மட்டும் சிஸ்டரம்மா. குடிவந்த முதல் வாரமே, "உங்க வலது முட்டி சொடுக்குது, இடது முட்டி இல்ல" என்றாள். டாக்டர் அதைக் கண்டுபிடிக்கப் படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. படியேறுகிறவரைச் செருப்புச் சத்தத்தில் சொல்லிவிடுவாள். படப்பிடிப்பு நாளில் வளையல் போடமாட்டாள், சரசரக்கிற துணி உடுத்தமாட்டாள். பிஸ்கட்டைக்கூட டீயில் ஊறவைத்துத்தான் தின்பாள். கடித்தால் சத்தம் வருமாம்.

அவளுடைய படம் என்று சொன்னால் அவளே திருத்துவாள். படம் தலைவியுடையது. தலைவி என்பது பட்டப்பெயர். எங்கே போனாலும் முன்னால் நடக்கிறவள். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒரே பெஞ்ச். ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். தினமும் காலையில் தலைவியின் ஸ்கூட்டர் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். இவள் இறங்கிப் போய்ப் பின்சீட்டில் உட்காருவாள். அங்கே இவளுக்கென்று ஒரு ஹெல்மெட் உண்டு. அதன் பின்புறம் கழுத்துச் சுளுக்கிய கோழி ஒன்றின் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தாள். ஏன் கோழி என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள்.

இந்த வருடம் மூன்றாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். சொந்தமாகக் கேமரா வைத்திருப்பவள். எல்லோரும் அவளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஒயர் மட்டும் "கேமராக்காரி" என்பாள். "சிரிச்சா மைக்கே அதிருது, சிஸ்டரம்மா." எனக்குக் கேட்டவரை அது சாதாரணச் சிரிப்புதான்.

அன்று படப்பிடிப்பு என் வீட்டுக் கீழறையில். படுக்கையில் கிடக்கும் அம்மாவிடம் வெளியூர் போகிற மகன் விடைபெறுகிறான், அதுதான் கதை. அம்மாவாகப் படுக்க ஆள் கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள், ஒருநாள் கட்டில் மேல் கிடந்து பார்ப்போமே என்று ஒப்புக்கொண்டேன். வசனம் கிடையாது. மூச்சு மட்டும் விட வேண்டும்.

ஒயர் காலையிலேயே வேலையைத் தொடங்கினாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். ஜன்னலைச் சாத்தினாள். "ஃப்ரிட்ஜ் உறுமுது" என்று சுவிட்சை அணைத்தாள். பிறகு அதைத் திறந்து தன் அறைச் சாவியை முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாவிக்கும் வேர்க்குதாடி?"

"திரும்ப சுவிட்ச் போட மறந்துட்டா உங்க பால் கெட்டுடும். சாவி உள்ள கிடந்தா என்னால போக முடியாதுல்ல? ஃப்ரிட்ஜைத் திறந்துதான ஆகணும்."

பிறகு என் காலரில் சின்ன மைக்கைக் குத்தினாள். பாவாடைக்கு ஊக்கு குத்துகிற சுளுவில், தோலில் படாமல். "நீங்க மூச்சு விடுறதுதான் பாதிப் படம்" என்றாள்.

படுத்துக் கிடப்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஆகவே பார்த்தேன். வெறும் அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது இவர்கள் தொழிலின் வழக்கம். பிறகு துண்டு துண்டாக ஒட்டும்போது அடியில் போட உதவுமாம். அதற்காக எல்லோரும் அசையாமல் வாயை மூடி நிற்க வேண்டும். ஒரு தடவை எடுத்தால் போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தலைவியும் கேமராக்காரியும் தலையோடு தலை ஒட்டிக் குசுகுசுக்கும்போதெல்லாம் ஒயருக்கு அமைதி தேவைப்பட்டது. "எல்லாரும் வாயை மூடுங்க, ரூம் அமைதி எடுக்கணும்." மதியத்துக்குள் பத்துப் படத்துக்குப் போதுமான அமைதியைச் சேர்த்துவிட்டாள். கேமராக்காரியின் செருப்பையும் கழற்ற வைத்தாள். அவள் நின்றதோ சத்தமே எழாத பாய் மேல்.

மகனாக நடித்த பையனுக்கு அழுகை வரவில்லை. முகத்தைக் கோணினால் தும்மப் போகிறவன் போல இருந்தது. தலைவி தலையில் கைவைத்துக்கொண்டு, "சாப்பிட்டு வந்து அழுடா" என்று அனுப்பினாள். என்னை மட்டும் எழ விடவில்லை. போர்வையின் மடிப்பு மாறினால் காட்சி ஒட்டாதாம். மைக்கோடு அப்படியே கிடந்தேன்.

தலைவியும் கேமராக்காரியும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்தார்கள். படுக்கையில் கிடப்பவருக்குக் காது கிடையாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நான் தினமும் கண்டது.

"போட்டிக்குப் படம் செலக்ட் ஆனா ரெண்டு பேர்தான் போலாமாம்" என்றாள் தலைவி.

"நீயும் ஒயருமா?"

"நீ வாடி. படத்தைப் பத்திக் கேட்டா யாரு பேசுறது?"

"அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாளே."

"ரெண்டு நாள் பேச மாட்டா. அப்புறம் தானா வருவா. சவுண்டுதானேடி, அதுல பேச என்ன இருக்கு?"

திறந்திருந்த கதவு வழியே மாடிப்படி தெரிந்தது. ஒயர் அங்கே பெரிய ஹெட்போனை மாட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. டீயில் முக்கிய பிஸ்கட்டை அவள் வெளியே எடுக்கவில்லை. அது கரைந்து உடைந்து உள்ளே விழுந்தது. அவள் குனிந்தும் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பையனுக்கு அழுகை வந்தது. எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியாது. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா. வரமாட்டேன்னு உனக்குத் தெரியும்ல" என்றான். கழுத்தில் சுடச்சுட நீர் ஓடியது. தலைமாட்டில் ஒயர் நின்றாள். பதிவுக் கருவி அவள் வயிற்றோடு ஒரு பையில் தொங்கியது. காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதில் சிவப்பு விளக்கு எரிந்ததைக் கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது எரியவில்லை. அவள் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை.

"கட்!" தலைவி துள்ளிக் குதித்துக் கேமராக்காரியைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலாகத்தான், "ஒயர், சவுண்டு ஓகேவா?" என்று கேட்டாள்.

ஒயர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் கல்லூரி விளக்குகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. "நீ ஒயரெல்லாம் சுத்திட்டு வீட்டுலயே இருடி, களைச்சுப் போயிருக்க" என்று தலைவி வண்டியைக் கிளப்பினாள். கேமராக்காரி பின்னால் ஏறி, கோழி ஒட்டிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறதென்று அவள் கவனித்திருக்க மாட்டாள். பையன் நடந்து போனான்.

ஒயர் சுற்றி முடித்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"கதவை மூடு. சுவிட்சைப் போடு" என்றேன்.

போட்டாள். ஃப்ரிட்ஜ் உறுமியது.

"பொத்தானை அமுக்கலையே நீ."

அவள் திரும்பவில்லை. "பாத்தீங்களா?"

"அண்ணாந்து கிடந்தவ வேற எதைப் பாப்பா?"

"அவகிட்ட சொல்லப் போறீங்களா?"

"எனக்கு ஏதுடி வசனம்?"

கொஞ்ச நேரம் சாவியால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு என் எதிரிலேயே போனை எடுத்தாள்.

"அந்த டேக்குக்கு சவுண்டு இல்ல. ... ரெக்கார்டு போடல. ... மறக்கல. வேணும்னேதான் போடல."

போனிலிருந்து வந்த கத்தல் எனக்கே கேட்டது. அடுப்பில் வைத்த டீயை இறக்கிவிட்டு வந்தேன். அதுவரை கத்தல் ஓயவில்லை.

"எதுக்குடி கத்துற?" என்றாள் ஒயர். "சவுண்டுதானே. அதுல பேச என்ன இருக்கு?"

கத்தல் நின்றது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறுமுனையின் அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பகலெல்லாம் சேர்த்ததைவிட அதை அதிகக் கவனமாகக் கேட்டாள்.

"சாப்பாட்டு நேரத்துலயும் மைக் ஆன்லதான் இருந்துச்சு" என்றாள் கடைசியில். "அவன் மூஞ்சி சிஸ்டரம்மா தோள்ல இருக்கு. உதடு தெரியாது. குரலை மட்டும் திரும்ப எடுத்து ஒட்டிக்கலாம். காலைல அவனைக் கூட்டிட்டு வா." போனை வைக்கப் போனவள் மறுபடி காதில் வைத்தாள். "கேமரா வேணாம்."

உதடு தெரியாது என்பது பொத்தானை அமுக்காதபோதே அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு மேலே போனாள்.

காலையில் ஹாரன் அடித்தது. தலைவிக்குப் பின்னால் கேமராக்காரியும் இறங்கினாள். பையன் கேட் அருகே முன்பே வந்து நின்றிருந்தான். தலைவியின் கண் வீங்கியிருந்தது. தூக்கம் கெட்டதா அழுததா என்று தெரியவில்லை. ஒயர் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள், ஜன்னலைச் சாத்தினாள், ஃப்ரிட்ஜை அணைத்தாள். யாரும் சொல்லாமலே நான் போய்ப் படுத்தேன். என் காலரில் மைக்கைக் குத்தினாள்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்று கேமராக்காரி கேட்டாள்.

"சத்தம் போடாம உக்காரு."

ஒயர் தன் அறைச் சாவியோடு ஃப்ரிட்ஜ் வரை போனாள். அங்கே ஒரு நிமிடம் யோசித்தாள். சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு தலைவியின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"என்னடி?"

"வண்டிச் சாவி."

தலைவி அவளைப் பார்த்தாள், கேமராக்காரியைப் பார்த்தாள், சாவியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். ஒயர் ஃப்ரிட்ஜைத் திறந்து, பால் பாக்கெட்டை நகர்த்தி, அதற்குப் பின்னால் சாவியை வைத்துக் கதவைச் சாத்தினாள்.