துபாயிலிருந்து அணையும் விளக்கு

தக்கலை வீட்டின் லைட், ஏசியையெல்லாம் இணையம் வழி இயக்கும் ஸ்மார்ட் ஹோம் கேட்வேயோடு இன்று வாய்ஸ் அசிஸ்டெண்டை ஒருவழியாக இணைத்துவிட்டேன். கேட்வேயை வாங்கி மாட்டியது துபாயில் இருக்கும் அண்ணன். அதை இயக்கும் கணக்கும் அவன் செல்போனில்தான்.

"ஹால் லைட்டைப் போடு" என்றேன். எரிந்தது. பத்து நொடியில் அணைந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி அணைந்தது.

இணைப்பில் கோளாறு என்று நினைத்தபோது அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "ஏட்டி, பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?"

அம்மாவிடம் காட்டினேன். அவள் மூன்று நாளாகக் கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை.

"போன் எடுக்க நேரமில்லையாம். லைட்ட மட்டும் உடனே அணைக்கான். இன்னும் ஒருக்கா போடுட்டி. ஏசியையும் சேத்துப் போடு."

ஏசி ஓடத் தொடங்கிய அரை நிமிடத்தில் அம்மாவின் போன் அடித்தது.

உங்கள் வீட்டு கல்ஃப்காரருக்கு எது ஓடினால் பொறுக்காது?